அபிஷாவின் உயரம்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்தது. கொண்டுவந்த ஆட்கள் அட்டையைப் பிரித்து, அடியில் ஆணி அடித்திருந்த வெள்ளைப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து வாசலில் போட்டுவிட்டு, "அடுப்பெரிக்க வச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தக் காலத்தில் பெரம்பலூரில் யார் வீட்டில் விறகடுப்பு இருக்கிறது? நான் ஒரு பலகையை எடுத்துத் திண்டில் வைத்து, சும்மா இருக்கமாட்டாமல் நுனியை ரம்பத்தால் அறுத்தேன். நாலு இழுப்புதான் இழுத்திருப்பேன். அந்த வாசனை வந்தது. எலுமிச்சம்பழத் தோலைச் சாம்பிராணியோடு சேர்த்துக் கசக்கினால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. அறுத்த இடத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றேன். "இந்த மனுசனுக்குப் பலகையைப் பாத்தா போதும், பிரிட்ஜை யாரு பாக்குறது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சத்தம் போட்டது என் மனைவி. நியாயம்தான்.

அந்த வாசனைக்கு எனக்குத் தெரிந்த பெயர் முசஃபா. அபுதாபிக்குப் பக்கத்தில், பட்டறைகளும் கிடங்குகளும் ஆட்கள் தங்கும் கேம்புகளுமாக இருக்கும் இடம். இரண்டாயிரங்களின் நடுவில் ஆறு வருஷம் அங்கே ஏசி டக்ட் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். டிப்ளமா படித்துவிட்டு இன்ஜினீயர் ஆகிவிடலாம் என்று விமானம் ஏறியவன் நான். போய்ச் சேர்ந்தபிறகு எனக்குக் கீழே இருந்தவை இரும்பு அலமாரிகள் மட்டும்தான். அவை ரொம்ப ஒழுக்கமாக நடந்துகொண்டன, அதையும் சொல்லவேண்டும்.

ஸ்டோருக்கு வரும் சாமான்கள் எல்லாம் பேலட் என்கிற மரச்சட்டத்தின் மேல் கட்டி வரும். மோட்டார், காப்பர் பைப், கம்ப்ரெஸர், எது வந்தாலும் அடியில் பேலட். சாமானை இறக்கிவிட்டால் அந்தச் சட்டத்துக்கு மரியாதை கிடையாது. ஸ்டோருக்குப் பின்னால் வீசுவோம், சனிக்கிழமை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஏதோ ஒரு குளிர்நாட்டுக் காட்டில் நின்ற மரம், கடல் தாண்டி வந்து பாலைவனத்தில் குப்பையாகக் கிடக்கும். நானும் இரண்டு வருஷம் அதைக் குப்பையாகத்தான் பார்த்தேன். ததேயுதான் அதைப் பலகையாகப் பார்த்தான்.

ததேயு என்றால் ததேயுஸ். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் கம்பெனியில் வெல்டர். எட்டுப் பேர் இருந்த எங்கள் ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவனுக்கு. என் வயசுதான் அவனுக்கும், முப்பத்திரண்டு முப்பத்திமூணு. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் மீன்பிடிக்கப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் கட்டுமரத்தில் கால் வைத்தால் வாந்தி. "எங்க குடும்பத்துலயே கடல் ஒத்துக்காத மொத ஆளு நான்தான் மக்கா. அதனாலதான் தண்ணியில்லாத ஊராப் பாத்து வந்தேன்" என்பான்.

எங்களுக்குத் தச்சுவேலைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர். ஊருக்கே திரும்பிப் போகும்போது ஒரு பெட்டியை ஸ்டோரில் வைத்துவிட்டு, தூக்கிப் போட்டுவிடு என்றார். உள்ளே வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்களுக்கான பழைய பத்திரிகைகள். பக்கத்துக்குப் பக்கம் படம். நரைத்த தாடிக்காரர் ஒருவர் பளபளவென்று கருவிகள் தொங்கும் சுவருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். நான் இங்கிலீஷைப் படித்துச் சொல்ல, ததேயு படத்தைப் பார்ப்பான். புத்தக அலமாரி செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை. முதல் வேலையாக, காரை ஷெட்டிலிருந்து எடுத்து வெளியே நிறுத்துங்கள் என்று போட்டிருந்தது. படித்துச் சொன்னேன். ததேயு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம காரை எங்க மக்கா நிறுத்திருக்கு?" என்றான். ரூமே சிரித்தது. பிறகு எழுந்துபோய் மூலையில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தான். "சரி, வெளிய நிறுத்தியாச்சு. அடுத்தத வாசி" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை லீவு. அவன் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் வேலை தொடங்கும். எங்கள் கேபினுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தில் இரண்டு எண்ணெய் டிரம்மை நிறுத்தி, அதன்மேல் உடைந்த கதவு ஒன்றைப் படுக்கப் போட்டோம். அதுதான் வேலைமேஜை. நிழல் நகர நகர டிரம்மையும் உருட்டுவோம். ரம்பமும் இழைப்புளியும் பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. உளி மட்டும் ததேயு செய்தது. உடைந்த அரத்தைக் கிரைண்டரில் பிடித்து, சூட்டில் இரும்பு நீலம் ஏறிக் கெட்டுப்போகாமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டினான். அதில் நகத்தைச் சீவிப் பார்த்துத்தான் கூர் சரி என்பான்.

உங்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு உண்டோ இல்லையோ தெரியாது. இருந்தால் பேலட் மரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அதன் ஆணியைப் பிடுங்காதீர்கள். அது முறுக்காணி, மரத்தைப் பிளந்துகொண்டுதான் வரும். முதல் மாசம் முழுக்க நாங்கள் பிளந்த பலகைகளை அடுக்கினால் ஒரு தோணி செய்திருக்கலாம். இரண்டு கட்டைக்கும் நடுவில் ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடவேண்டும். மிச்ச ஆணி மரத்துக்குள்ளேயே கிடக்கட்டும், அங்கே இழைப்புளியைக் கொண்டுபோகாமல் இருந்தால் சரி. இழைப்பதற்கும் ஒரு திசை உண்டு. தப்பான பக்கத்திலிருந்து இழைத்தால் சிராய் சிராயாகப் பெயர்ந்து வரும். பத்திரிகையில் அதற்கு அம்புக்குறி போட்டு மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். ததேயு பலகையை உள்ளங்கையால் இரண்டு தரம் தடவிப் பார்த்தான். "வால்லேருந்து தலைக்கு மீனைத் தடவினா முள்ளு ஏறும்லா? அதே சங்கதிதான்" என்றான். மூன்று பக்கமும் முடிந்துவிட்டது.

பசை ஒட்டுவது இன்னொரு கூத்து. வெளியே இருக்கும் சூட்டுக்கு வெள்ளைப் பசை பலகையில் படுவதற்குள் காய்ந்துவிடும். அதனால் ஒட்டுகிற வேலையை மட்டும் ஏசி ரூமுக்குள் வைத்துக்கொள்வோம். யாராவது ஒருவரின் கட்டிலில் பேப்பர் விரித்து, பசை தடவி, சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கி வைத்துவிடுவோம். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் தாடிக்காரருக்கு. எங்களுக்கு டியூப். கட்டில்காரன் அன்று மத்தியானம் தரையில் படுப்பான்.

கேம்ப் பொறுப்பாளர் ரஷீத் பாய் ஹைதராபாத்காரர். மரத்தூளைக் கண்டதும், "யே க்யா ஹை பாய்? கேம்ப்ல வொர்க்‌ஷாப் மாஃபி, கலாஸ்" என்று மூன்று பாஷையில் தடை போட்டுவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ரூம் வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரும்போது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போவார்.

செருப்பு ஸ்டாண்டு, டிவி ஸ்டாண்டு, கேரம் போர்டுக்குக் கால் என்று போய்க்கொண்டிருந்த வேலை, ஒருநாள் மேஜையில் வந்து நின்றது.

ததேயுவுக்கு ஒரே பெண், அபிஷா. அவன் கடைசியாக ஊருக்குப் போனபோது ஒன்றாம் வகுப்பு, ஆறு வயசு. இரண்டு வருஷத்தில் லீவு கொடுக்கவேண்டும். அவன் முறை வந்தபோது, கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்றார்கள். முடிந்ததும் அடுத்த வேலை வந்தது. மூன்றாவது வருஷமும் பாதி ஓடிவிட்டது. பிள்ளை தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறாள், முதுகு வலிக்கிறது என்கிறாள் என்று அவன் மனைவி புஷ்பம் போனில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ததேயு தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு நூலை எடுத்து என்னிடம் காட்டினான். பச்சை நைலான் வலைநூல். அதில் இடைவெளி விட்டு மூன்று முடிச்சு.

போன லீவில், கிளம்புவதற்கு முந்தின நாள், அபிஷாவைச் சுவரோடு நிறுத்தி அளந்தானாம். முதல் முடிச்சு குதிகாலிலிருந்து முட்டுக்கு. இரண்டாவது, உட்கார்ந்தால் முழங்கைக்கு. மூன்றாவது உச்சந்தலைக்கு. "எப்பவாவது ஏதாவது செய்யலாம்னு எடுத்து வச்சேன். இந்தா, வந்துட்டுலா" என்றான். டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொள்ளலாமே என்றால் கேட்கமாட்டான். "டேப்புல நம்பர்தான் இருக்கும். இது அவ" என்றான்.

பிள்ளை வளர்ந்திருக்குமே என்று நான் கேட்காமல் இல்லை. "அது தெரியாதா? ஒரு விரக்கடை கூட்டிப் போட்டாச்சு" என்றான். கைவிரலை நூலோடு சேர்த்து வைத்தும் காட்டினான். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் எங்கள் கேம்பில் யாருடைய பிள்ளையும் வளர்வதில்லை. ஊரிலிருந்து போட்டோ வரும். போட்டோவில் அஞ்சு வயசும் எட்டு வயசும் ஒரே உயரம்தானே, சட்டத்துக்குள் நிற்கிற உயரம். லீவுக்குப் போகிறவன் வாங்குகிற கவுனும் சட்டையும் ஷூவும் போன தடவை கட்டிப்பிடித்த கைக்கணக்கில்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். எல்லாருக்கும் தெரியும். அடுத்த தடவையும் அதையேதான் செய்வோம்.

மூன்று மாசம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அந்த மேஜை வளர்ந்தது. கடல் கார்கோவில் தட்டையாகப் போகவேண்டும், ஊரில் புஷ்பமே பூட்டிக்கொள்ளவேண்டும் என்பதால் ஆணி கிடையாது, திருகு கிடையாது. காலில் நாக்கு, சட்டத்தில் குழி, குறுக்கே ஒரு ஆப்பு. தட்டினால் இறுகும், மறுபக்கம் தட்டினால் கழன்றுவிடும். பதினாறு குழி. ஒவ்வொன்றையும் அந்த அரத்து உளியால் செதுக்கி, நாக்கை விட்டுப் பார்த்து, எடுத்து, ஒரு சீவல் சீவி, மறுபடி விட்டுப் பார்ப்பான். வெல்டர் அல்லவா, அரை மில்லி இடைவெளி இருந்தால் ராட் வைத்து நிரப்பிவிடுகிற பழக்கம். "இதுல நிரப்ப முடியாது மக்கா. இதான் கஷ்டம்" என்று அடிக்கடி சொல்வான். நான் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்ப்பேன், என் தொழில்நுட்பம் அவ்வளவுதான். மேல்பலகையின் விளிம்புகளை அவன் உருட்டிவிட்டான், பிள்ளை கையில் இடிக்கக்கூடாதென்று. அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், உளியால் ஒரு சின்ன மீன் செதுக்கினான்.

கார்கோ போய்ச் சேர ஒன்றரை மாசம் ஆனது. சேர்ந்த அன்று காலிங் கார்டைச் சுரண்டிப் பேசிவிட்டு வந்தான். "உக்காந்துட்டாளாம். நல்லா இருக்காம். இனிம தரையில எழுதமாட்டேன்னு சொல்லுகாளாம்." அன்றைக்கு ரூமில் எல்லாருக்கும் அவன் டீ போட்டான். அடுத்து நாற்காலி செய்யப் பலகை பொறுக்கி வைத்தான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு லீவு வந்தது. ரூமிலிருந்து யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் வீட்டுக்கு ஆளுக்கொரு பொட்டலம் தருவார்கள், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடமை. ததேயு தந்தது ஒரு பால்பவுடர் டப்பா, தைலம், அபிஷாவுக்கு ஒரு பென்சில் பெட்டி. "தபால்ல போட்டுறாத. நேர்ல போ. மேஜைய பாத்துட்டு வா. ஆப்பு இறுக்கமா இருக்கா, ஆடுதான்னு பாரு" என்றான். நான் முதலில் என் வீட்டுக்குப் போனேன். என் மகனுக்கு நான் வாங்கிப்போன ஷூவில் அவன் விரல்கள் மட்டும் நுழைந்தன. குதிகால் வெளியே நின்றது. நானும் அவனும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

குளச்சலுக்கு ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். கடலுக்குப் பக்கத்தில் சின்ன வீடு. முன்னறையில் மேஜை இருந்தது. பூத்துணி விரித்து, அதன்மேல் மாதா சொரூபம், மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் ரோஜா. புஷ்பம் டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பார்போல. "மாதாவுக்குப் பொருத்தமா இருக்குல்லாண்ணே" என்றார்.

"பாப்பா இதுல எழுதலையா?"

புஷ்பம் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து அபிஷா வந்தாள். நான் கதவு நிலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்பது வயசுக்கு நல்ல வளர்த்தி, அம்மாவின் தோளைத் தாண்டி நின்றாள். நான் கேட்காமலே சொரூபத்தை ஜாக்கிரதையாகத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காட்டினாள். முட்டு இரண்டும் சட்டத்தில் இடித்து நின்றன. காலை உள்ளே விட வழியில்லை. பக்கவாட்டில் திரும்பி, இடுப்பை ஒடித்துக் கையை மட்டும் பலகைமேல் வைத்தாள். அப்படித்தான் ஒரு வாரம் எழுதியிருக்கிறாள். பிறகு தரைக்கே போய்விட்டாள்.

"அப்பாட்ட சொல்லிராதீங்க அங்கிள்" என்றாள். "அப்பா போன்ல கேக்கும்போது நான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

"மூணு மாசம் லீவு நாள்ல உக்காந்து செஞ்சது. எப்படிண்ணே சொல்லுகது?" என்றார் புஷ்பம். சொல்லும்போது அந்த மேல்பலகையைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். வெளியே வந்து முக்குக்கடையில் அதே பச்சை வலைநூல் நாலு முழம் வாங்கினேன். திரும்பிப் போய் அபிஷாவைச் சுவரோடு நிற்கவைத்தேன். முட்டுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. தலைக்கு அளக்கும்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். காலைத் தரையில வை பாப்பா என்றேன். வைத்தாள். முடிச்சைப் போட்டேன்.

திரும்பி வந்ததும் ததேயு விமான நிலையத்துச் சட்டையைக்கூட மாற்றவிடவில்லை. "பாத்தியா?"

"பாத்தேன்."

"உக்காந்து எழுதுதாளா?"

"எழுதுறா."

"ஆடலல்லா?"

"ஆடல. நல்லா இருக்கு, சரியா இருக்கு" என்றேன். அவன் முகத்தைப் பார்த்து எவனால் வேறு சொல்லமுடியும்? எனக்குத் துணிச்சல் போதவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்து அதற்கு நல்ல பெயர் எதுவும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அவன் நாற்காலிக்குக் கால் அறுக்கப்போகிறான், அந்தப் பழைய நூலை வைத்து. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அவன் டூட்டிக்குப் போனபிறகு அவன் உளி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பழைய நூலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். ரொம்பப் பெரிய மூளைக்காரன் வேலை செய்துவிட்டதாக நினைப்பு. நாற்காலியை உயர்த்தினால் மேஜை இன்னும் குள்ளமாகிவிடும் என்கிற புத்திகூட எனக்கு இல்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை. டிரம்மின்மேல் கதவு, கதவின்மேல் கட்டை. ததேயு நூலை எடுத்தான். நான் உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் அளக்கவே இல்லை. முடிச்சைக் கட்டைவிரலால் ஒருதரம் உருட்டினான். அவ்வளவுதான். வலை முடைகிற வீட்டில் பிறந்தவன். அவன் போடுகிற முடிச்சு நூலோடு படிந்து கிடக்கும், எங்கேயும் நகராது. நான் போட்டது மூட்டை கட்டுகிற முடிச்சு, புடைத்துக்கொண்டு நின்றது.

"இது எனக்க முடிச்சு இல்லையே" என்றான்.

நான் உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

"பழசு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரமாக அங்கேயேதான் வைத்திருந்தேன். அவன் இரண்டு நூலையும் கதவுப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தான். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முழங்கை முடிச்சுக்கும் முழங்கை முடிச்சுக்கும் நடுவில் விரலை வைத்தான். நாலு விரல். தலை முடிச்சுக்கு நடுவில் வைத்தான். ஒரு கை போதவில்லை. இரண்டாவது கையிலும் நாலு விரல் சேர்த்து வைத்தான். விரலை எடுக்கவில்லை. மூன்று வருஷம் அந்த விரல்களுக்கு அடியில்தான் இருந்தது. கோபித்துக்கொள்வான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் காத்திருந்தேன்.

"முட்டு இடிக்கோ?" என்றான்.

"இடிக்குது."

"எங்க வச்சிருக்கு மேஜைய?"

"மாதா சொரூபம் வச்சிருக்காங்க."

தலையை ஆட்டினான். "அவ நேரா நின்னாளா, எக்கிட்டு நின்னாளா?"

"மொதல்ல எக்கினா. காலைத் தரையில வைன்னு சொன்னேன். அப்புறம்தான் முடிச்சு போட்டேன்."

ததேயு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கும் எக்கிட்டுத்தான் நின்னா. பெரிசா இருக்கணுமாம். நான் எறக்கச் சொல்லல, அப்படியே முடிஞ்சேன்" என்றான். பிறகு தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வெயிலில் காய்ந்த குழாயில் கொதிக்கிற தண்ணீர்தான் வரும். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பழைய நூலை எடுத்து நீட்டினேன். "நீயே வச்சுக்க. எனக்க டப்பாவுல கெடந்தா கை அதத்தான் எடுக்கும்" என்றான்.

நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு அன்றே வேறு வேலை தொடங்கினான். மேஜைக் கால்களுக்கு அடியில் மாட்டுகிற நாலு கட்டை. ஒவ்வொன்றிலும் கால் உட்காருகிற மாதிரி குழி, குறுக்கே ஆப்பு. நாலு விரல் உயரத்துக்கு அறுக்கவேண்டியதை ஆறு விரலுக்கு அறுத்தான். அவள் பாதத்துக்கு ஒரு பலகையும் சேர்த்தான், தொங்கக்கூடாதென்று. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் வளந்துருவால்லா?" என்று கேட்டான். வளர்ந்துவிடுவாள் என்றேன். அந்த ஒரு பதிலாவது உண்மையாக இருந்தது.

கட்டைகளுக்கு எண்ணெய் பூசிக் காயவைத்திருந்தபோது ஊரெல்லாம் வேலை நிற்க ஆரம்பித்தது. உங்களுக்கு நினைவிருக்கும், உலகமெல்லாம் பணம் முடங்கிக் கிரேன்கள் அப்படியே நின்ற காலம். எங்கள் கம்பெனியில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பினார்கள். நல்ல வெல்டர்களை மட்டும் கத்தாரில் ராஸ் லஃபானுக்கு மாற்றினார்கள், அங்கே எரிவாயு வேலை இருந்தது. ததேயு நல்ல வெல்டர். ஊருக்குப் போகாமலே நேராக அங்கே போகச் சொன்னார்கள். லீவு அங்கே போய்ப் புதுக் கணக்கு. மூன்று நாளில் கிளம்பவேண்டும். டப்பாவையும் உளியையும் என்னிடமே விட்டுவிட்டு, கட்டைகளைக் கார்கோவில் போடச் சொல்லிவிட்டுப் போனான். கேட் வரைக்கும் அவன் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். வேனில் ஏறி உட்கார்ந்ததும், "நீ மொதல்லயே சொல்லிருக்கலாம் மக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் பெட்டியை உள்ளே தள்ளினேன், வேன் போய்விட்டது.

கட்டைகளை அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் ததேயு ராஸ் லஃபானிலிருந்து பேசினான். "மாட்டியாச்சாம். சரியா இருக்குன்னு சொல்லுதாங்க" என்றான். அதோடு விடாமல், "முட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல எத்தன விரல் போகுதுன்னு புஷ்பத்துட்ட வச்சுப் பாக்கச் சொன்னேன். ரெண்டு விரல் போகுதாம்" என்றான். பிறகு பேசும்போதெல்லாம் இப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொன்னால், எத்தனை டிகிரி என்று கேட்கிறானாம். நல்லா இருக்கு என்கிற வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு அவனால் அதன்பிறகு தூங்கமுடியவில்லை. அந்த நம்பிக்கையை அவனிடமிருந்து எடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நான் நல்லது செய்வதாக நினைத்து எடுத்தது.

அடுத்த வருஷம் என்னையும் அனுப்பிவிட்டார்கள். கொஞ்சநாள் போன் பேச்சு இருந்தது. அவன் எப்போது ஊருக்குப் போனான், ஆறு விரல் போதுமாக இருந்ததா என்று கேட்டுக்கொள்வதற்குள் அவன் நம்பர் மாறிவிட்டது. என் நம்பரும்தான் மாறியது. அபிஷா நர்சிங் சேர்ந்ததாக யார் மூலமாகவோ கேள்விப்பட்டேன். முசஃபாவில் இன்னும் வேலை பார்க்கிற ஒருவர் சொன்னார், எங்கள் கேம்பை இடித்துவிட்டார்களாம். தண்ணீர்த் தொட்டி இல்லை, அதன் நிழலும் இல்லை. சாமான்கள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் பேலட்டில் வருகின்றனவாம், அறுத்தாலும் வாசனை வராது.

பிரிட்ஜ் பலகையில் ஒரு ஆணி இருந்தது. ஆக்ஸா பிளேடு தேடி அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அரத்து உளி துருவேறிக் கிடந்தது. அடியில் ததேயு முடிந்த அந்தப் பழைய பச்சை நூல், நிறம்கூடப் போகவில்லை. ஒரு முனையைக் கால் விரலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே தூக்கினேன். முட்டு, முழங்கை, தலை. மூன்றாவது முடிச்சு என் நெஞ்சுக்குழிக்கு வந்தது. "என்ன அளக்குறீங்க?" என்று என் மனைவி வந்து நின்றாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த உயரத்தில் இப்போது யாரும் இல்லை. அன்றைக்கும் அந்த உயரத்தில் யாரும் இல்லை. அப்பா நாளைக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்த ஒரு பிள்ளை, குதிகாலைத் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு நிமிஷம் நின்றாள். அதையும் சேர்த்துத்தான் ததேயு முடிந்து வைத்திருந்தான்.